ட்ராக் டேக்காக மாற்றியமைத்த எம்3 காரை முழுதாக விற்பதா, பிரித்து விற்பதா?

நெளிவளைவு எழுதியது:

வணக்கம். என்னிடம் 2003ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ எம்3 கார் ஒன்று உள்ளது. இ46 தலைமுறை, ஆறு கியர் மேனுவல். ட்ராக் டேக்களில் (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாட்களில்) ஓட்டுவதற்கென்றே சிறிது சிறிதாக மாற்றியமைத்த இந்தக் காரை இனி ஓட்டுவதற்கு நேரம் வாய்க்காது என்பதால் விற்றுவிட முடிவு செய்திருக்கிறேன். சாதாரணக் கார் என்றால் ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், உடலின் நிலை ஆகியவற்றை வைத்து விலையை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இந்தக் காருக்கு அந்த அளவுகோல் எதுவும் பொருந்துவதாகத் தெரியவில்லை; ஆகவேதான் இங்கே கேட்கிறேன்.

முதலில், காரில் செய்யப்பட்டிருக்கும் மாற்றங்கள். முன்னிருக்கைகள் இரண்டும் சாய்க்க முடியாத பக்கெட் சீட்டுகள். அவற்றுக்கு ஆறு இடங்களில் மாட்டப்படும் பந்தய இருக்கைப் பட்டையான ஆறு புள்ளி ஹார்னஸ். பின்னிருக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில், கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டான ரோல் கேஜின் பாதி போல்ட் போட்டு மாட்டப்பட்டுள்ளது, வெல்டிங் செய்யப்படவில்லை. ஸ்டீயரிங் வீலை மாற்றியதால் ஓட்டுநர் பக்க ஏர்பேக் இல்லை. ஏசி முழுவதும் கழற்றப்பட்டிருக்கிறது. உயரமும் அதிர்வுத் தணிப்பும் சரிசெய்யக்கூடிய சஸ்பென்ஷனான காயிலோவர், முன்பக்கம் பெரிய பிரேக் காலிப்பர், பிரேக்குக்குக் காற்று கொண்டுவரும் குழாய்கள், பெரிய ஆயில் கூலர், தடுப்புத் தகடு வைத்த ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), இன்ஜினுக்குக் காற்று செல்லும் கார்பன் ஏர்பாக்ஸ், அதற்கேற்ற இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருள், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத எக்ஸாஸ்ட் ஆகியவை உள்ளன. இந்த மாடலுக்கே உரிய பின்பக்க சப்ஃப்ரேம் (பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடத்து விரிசலைத் தடுக்க, அடித்தளத்தில் வலுவூட்டும் தகடுகள் வெல்டிங் செய்யப்பட்டுள்ளன. பிஸ்டன்களைக் கிராங்க் தண்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராட்களின் பேரிங்குகளும் மாற்றப்பட்டுள்ளன. கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் அனைத்தும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சாலைப் பதிவும் நடப்பில் உள்ளது.

நான் அறிய விரும்புவது இதுதான். காரை இப்போது இருக்கும் நிலையிலேயே முழுதாக விற்பது நல்லதா, அல்லது ஒரிஜினல் பாகங்களை மாட்டிக் காரைத் தனியாகவும், மாற்றுப் பாகங்களைத் தனியாகவும் விற்பது நல்லதா? செலவழித்த தொகையில் எவ்வளவை விலையில் எதிர்பார்ப்பது நியாயம்? கார் பந்தயத் தடத்தில் கடுமையாக ஓடியது என்பதை விளம்பரத்தில் எந்த அளவுக்கு எழுத வேண்டும்? இத்தகைய காரை வாங்கியோ விற்றோ பழகியவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பழைய பிட்சுவர் எழுதியது:

நண்பரே, விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தக் காரை யார் வாங்குவார் என்று தாங்கள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இ46 எம்3 காரைத் தேடுபவர்கள் இன்று இரண்டு கூட்டமாக இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும், யாரும் கைவைக்காத காரைத் தேடுகிறார்கள். அவர்களுக்குத் தங்கள் காரில் இருக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு குறை. மற்றொரு கூட்டத்தார் தடத்தில் ஓட்டக் கார் தேடுபவர்கள். தாங்களே ஒன்றைப் புதிதாக உருவாக்குவதற்கு ஆகும் பணத்தையும், அதைவிட முக்கியமாக, பணிமனையில் கழியும் மாதங்களையும் மிச்சப்படுத்த விரும்புகிறார்கள். இந்த இருவருக்கும் ஒரே விளம்பரத்தை எழுதினால் இருவருமே வர மாட்டார்கள்.

எந்தக் கூட்டத்தாருக்கு விற்பது என்பதை முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்: காரில் திரும்பப் பெற முடியாதபடி செய்யப்பட்டது எது? ரோல் கேஜ் வெல்டிங் செய்யப்பட்டு, டாஷ்போர்டு வெட்டப்பட்டு, கதவுகளின் உட்புறம் அறுக்கப்பட்டிருந்தால் பேச்சே இல்லை. அது தடத்துக்கான கார், அப்படியே விற்க வேண்டியதுதான். தங்கள் காரில் கேஜ் போல்ட்டில் நிற்கிறது. வெல்டிங் செய்யப்பட்டதாகத் தாங்கள் சொல்வது சப்ஃப்ரேம் தகடுகள் மட்டுமே. அதையோ ஒரிஜினல் காரைத் தேடுபவர்கூட விரும்பிக் கேட்டு வாங்குவார். ஆகவே தங்களுக்கு இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன. இந்த நிலை எல்லோருக்கும் அமைவதில்லை.

என் கருத்து, காரைத் தடத்துக்கான காராகவே விற்க வேண்டும். ஆனால் ஒரிஜினல் பாகங்கள் முழுவதையும் அதனுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழைய ஏர்பாக்ஸையோ ஏசி கம்ப்ரசரையோ தனியாக விற்றால் சிறு தொகை கையில் வரும் என்பது உண்மை. ஆனால் அடுத்தவர் ஒருநாள் இந்தக் காரைப் பழைய நிலைக்குத் திருப்ப நினைத்தால் முடியும் என்ற உறுதி, அந்தச் சிறு தொகையைவிடப் பெரியது. 2006இல் உற்பத்தி நின்றுபோன காருக்கு உட்புற அலங்காரப் பாகங்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விலையைப் பொறுத்தவரை, ரசீதுகளைக் கூட்டி வரும் தொகையை மறந்துவிடுங்கள். பொருத்துவதற்குக் கொடுத்த கூலி ஒருபோதும் திரும்பி வராது. பாகங்களின் மதிப்பு, அவை பழைய சந்தையில் இன்று விற்கும் விலை மட்டுமே. காருடன் சேர்த்து விற்கும்போது அதிலும் ஒரு பகுதிதான் கிடைக்கும். அதிலும் எல்லா மாற்றங்களும் சமம் அல்ல. ஆயில் கூலர், சம்ப் தடுப்பு, பிரேக், சப்ஃப்ரேம் வலுவூட்டல் ஆகியவை கார் தடத்தில் நின்றுபோகாமல் காப்பவை. வாங்குபவர் அவற்றுக்குத் தயங்காமல் விலை தருவார். இன்ஜின் சக்தியைக் கூட்டும் மாற்றங்களோ அவருக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டும். பக்கெட் சீட் அடுத்தவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போன்றது. வாங்குபவரின் இடுப்புக்குப் பொருந்தாவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. ஆகவே சீட்டுகளையும் கூடுதல் வீல் செட்டுகளையும் ஓட்டும்போது வேகம், ஆர்பிஎம் போன்றவற்றைப் பதியும் டேட்டா லாகரையும் விலையில் சேர்க்காமல், வேண்டுமானால் தனியாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று குறிப்பிடுவது நல்லது.

மற்றொன்று, பருவம். ட்ராக் டேக்கள் தொடங்குவதற்குச் சற்று முன்புதான் இத்தகைய காருக்கு ஆள் வரும். பருவம் முடிந்த பிறகு விளம்பரம் கொடுத்தால், காரை நிறுத்தி வைக்க இடம் உள்ளவர்கள் மட்டுமே, அதுவும் விலையை அடித்துக் கேட்பதற்காகவே வருவார்கள்.

திருப்புளி எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை. தடத்துக்கான எம்3 காரை வாங்குபவர்கள் மிகக் குறைவு. அவர்களுள் பலர் ஏற்கெனவே ஒரு கார் வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வெறுங்கையுடன் திரும்புபவர்கள். கேஜ் போல்ட்டில் இருக்கிறது, ஒரிஜினல் பாகங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன, அடித்தளம் வலுவூட்டப்பட்டிருக்கிறது, மேனுவல் கியர் வேறு. இத்தனை வசதியும் இருக்கும்போது காரைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் விற்பது கையில் இருக்கும் பணத்தை விடுவதற்குச் சமம். காயிலோவர், காலிப்பர், கார்பன் ஏர்பாக்ஸ் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக ஆள் கிடைப்பார்கள். கார்பன் ஏர்பாக்ஸுக்கு நிச்சயமாகக் கிடைப்பார்கள். 2003இல் வந்த, எடை குறைக்கப்பட்ட எம்3 சிஎஸ்எல் பதிப்பில்தான் இத்தகைய கார்பன் ஏர்பாக்ஸ் இருந்தது. அதில் 1,400க்கும் குறைவான கார்களே தயாராயின, அதன் ஒலியைத் தம் சாதாரண எம்3 காரில் கேட்க விரும்புகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

இதற்கு வேலை அதிகம் என்பதை மறுக்கவில்லை. கழற்றுவது, மாட்டுவது, வீல் அலைன்மென்ட் செய்வது, ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்துப் பொதிந்து அனுப்புவது என்று மாதக் கணக்கில் இழுக்கும். தாங்கள் நேரம் இல்லை என்பதற்காகவே விற்கிறீர்கள் என்றால், என் யோசனை தங்களுக்குப் பொருந்தாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய நிலைக்குத் திருப்பிவிட்ட பிறகு, தடத்தில் ஓடியதைச் சொல்லாமல் விடலாமா என்ற எண்ணம் எவருக்கும் வரக்கூடும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் கேஜின் போல்ட் துளைகள் தெரியும். வீல் ஆர்ச்சின் விளிம்பு மடிக்கப்பட்டிருப்பது விரல் வைத்தால் தெரியும். காலிப்பரின் நிறம் மாறியிருப்பதும் பிஸ்டன் ரப்பர்கள் காய்ந்து வெடித்திருப்பதும் அனுபவமுள்ள மெக்கானிக்கின் கண்ணுக்குத் தப்பாது. அவற்றை அவர் கண்டுபிடித்துச் சொல்லும் நொடியில், தாங்கள் சொன்ன உண்மைகளுக்கும் மதிப்பு போய்விடும்.

நெளிவளைவு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேரம்தான் எனக்குத் தடை என்பதால் முழுதாக விற்பதையே விரும்புகிறேன். ஆனால் மறைக்காமல் எழுதுவது என்றால் எதை எழுதுவது என்பதில் இன்னும் தெளிவில்லை. ‘கடுமையாக ஓட்டப்பட்டது, நன்றாகப் பராமரிக்கப்பட்டது’ என்று எல்லோருமே எழுதுகிறார்கள். அதைப் படித்து யாரும் நம்புவதாகத் தெரியவில்லை. வாங்குபவர் எதைப் பார்த்தால் நம்புவார்?

வால்வு இடைவெளி எழுதியது:

வாங்குபவர்கள் சார்பில் இத்தகைய கார்களைப் பரிசோதித்துக் கொடுப்பது என் தொழிலின் ஒரு பகுதி. ஆகவே எதிர்த்தரப்பிலிருந்து சொல்கிறேன். விளம்பரத்தில் இருக்கும் பெயரடைகள் எதையும் நாங்கள் படிப்பதில்லை. தேதி, அளவு, படம் ஆகியவற்றைத்தான் தேடுகிறோம்.

இந்தக் காரின் எஸ்54 இன்ஜினிலிருந்து தொடங்குகிறேன். 3,246 சிசி, ஆறு சிலிண்டர், 343 குதிரைத்திறன், 8,000 ஆர்பிஎம் வரை சுழலும் இன்ஜின் அது. அதன் பலவீனங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால், பரிசோதிப்பவர் நேராக அவற்றுக்குத்தான் போவார். ராட் பேரிங் மாற்றியதாகச் சொல்கிறீர்கள். கழற்றிய பழைய பேரிங்குகளை வரிசையாக வைத்து எடுத்த படம் இருந்தால், அது ரசீதைவிட மதிப்புள்ளது. எந்த பேரிங் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதிலிருந்து கிராங்க்கின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம். மாற்றிய பிறகு ஆயிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கைகளை வரிசையாகக் காட்டுங்கள். ஈயம், செம்பு, வெள்ளீயம் ஆகியவற்றின் அளவு ஒரே சீராக இருந்தால் பேரிங் நலமாக இருக்கிறது. ஒவ்வொரு அறிக்கையிலும் ஏறிக்கொண்டே வந்தால் கதை வேறு. ஒரே ஓர் அறிக்கையால் பயன் குறைவு, போக்குதான் முக்கியம். அனுப்பவே இல்லை என்றால், விற்பதற்கு முன் ஒன்றாவது அனுப்புங்கள்.

வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் வானோஸ் அமைப்பில் எக்ஸாஸ்ட் கேம் பக்கத்து ஹப்பின் காதுகள் போன்ற நீட்சிகள் உடைவதுண்டு. அதைத் திறந்து பார்த்த தேதியும் படமும் வேண்டும். இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைக் குறிப்பிட்ட கால அளவில் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். அப்போது எழுதி வைத்த அளவுகள் ஒரு தாளில் இருந்தால், இந்தக் காரை அறிந்த ஒருவர் பராமரித்திருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிடும். அந்தத் தாளைக் காட்டியவர்கள் மிகச் சிலரே.

கம்ப்ரஷன் சோதனையோடு நிறுத்திவிடாமல், சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் லீக்-டவுன் சோதனையும் செய்து, ஆறு சிலிண்டர்களின் எண்களையும் அப்படியே வெளியிடுங்கள். கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்து, ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பேசவே வேண்டியதில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் விலகி நின்றால், காற்று எங்கே வெளியேறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியில் கேட்டால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

தடத்தில் ஓடிய மேனுவல் காரைப் பற்றி எனக்கிருக்கும் பெரிய அச்சம் கியர் தவறுவதுதான். நான்கிலிருந்து ஐந்துக்குப் போக வேண்டிய கை தவறி மூன்றில் விழுந்தால், இன்ஜின் அளவுமீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் எதையும் செய்ய முடியாது. எரிபொருளை நிறுத்தினாலும் சக்கரங்களே இன்ஜினை இழுத்துச் சுழற்றும். வால்வும் ராட் போல்ட்டும் அடிபடுவது அப்போதுதான். தங்களிடம் டேட்டா லாகர் இருக்கிறது என்றால், அதில் பதிவான உச்ச ஆர்பிஎம் விவரத்தை, லாகரை விற்பதற்கு முன் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்ஷே ஜிடி3 போன்ற கார்களில் இசியுவே இதை வரம்பு வாரியாகப் பதிந்து வைக்கிறது. வாங்குபவர்கள் அந்த அறிக்கை இல்லாமல் பேச்சையே தொடங்குவதில்லை. தாங்களும் அத்தகைய ஒன்றைக் கொடுத்தால், மற்ற எம்3 விளம்பரங்களுக்கு இடையில் தங்களுடையது தனித்து நிற்கும்.

சப்ஃப்ரேம் பற்றி ஒன்று மட்டும். தகடு வெல்டிங் செய்த பிறகு எடுத்த படத்தால் பயன் இல்லை. தகட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பது அதில் தெரியாது. பெயின்ட்டைச் சுரண்டி, விரிசல் இருந்ததா, இருந்தால் முனையில் துளையிட்டு வெல்டிங் செய்யப்பட்டதா என்று காட்டும் படம்தான் தேவை. விரிசலே வராமல் முன்கூட்டியே செய்ததென்றால் அதையும் அந்தப் படமே சொல்லும்.

பாதுகாப்புப் பொருட்களுக்குக் காலாவதி உண்டு என்பதைப் பல விற்பனையாளர்கள் மறந்துவிடுகிறார்கள். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8853-2016 தரத்திலான ஹார்னஸின் லேபிளில் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று அச்சிடப்பட்டிருக்கும். 8855-1999 தரத்துச் சீட்டுக்கு 5 ஆண்டுகள். 8862-2009 தரத்துச் சீட்டுக்கு 10 ஆண்டுகள். பந்தயத்தில் இந்த விதி கண்டிப்பானது. ட்ராக் டேக்களில் ஏற்பாட்டாளருக்கு ஏற்ப மாறும். காலாவதியான ஹார்னஸை ஒரு சிறப்பம்சமாக விளம்பரத்தில் எழுதியிருந்தால், மற்றவற்றையும் நான் இரண்டாம் முறை சரிபார்ப்பேன். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். தடத்துக்கென்றே வரும், பள்ளங்கள் குறைந்த செமி ஸ்லிக் டயர் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம் என்பதால், அந்த எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

ஒப்பந்தத்தாள் எழுதியது:

இயந்திர விவரங்களை மேலே மிகச் சிறப்பாகச் சொல்லிவிட்டார்கள். காகிதப் பக்கத்தை மட்டும் நான் சேர்க்கிறேன்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நீக்கிய கார் பெரும்பாலான நாடுகளில் சாலைக்குச் சட்டப்படி தகுதியற்றது. பதிவு நடப்பில் இருக்கிறது என்பதும் கார் சாலைக்குத் தகுதியாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. ‘சாலையிலும் ஓட்டலாம்’ என்று எழுதிவிட்டு, வாங்கியவர் புகைப் பரிசோதனையில் தோற்றால் பொறுப்பு விற்றவர் மீது திரும்பக்கூடும். வேறு எதையும் திருப்பாவிட்டாலும் ஒரிஜினல் எக்ஸாஸ்டை மட்டும் மாட்டி விற்பதே என் பரிந்துரை. ஒலியும் குறையும், அமெரிக்காவின் லாகுனா செக்கா போன்ற தடங்களில் பெரும்பாலான நாட்களில் 90 டெசிபல் வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டும் கார் திருப்பி அனுப்பப்படும் என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

ஏர்பேக் நீக்கப்பட்டிருப்பதை விளம்பரத்தின் முதல் சில வரிகளிலேயே எழுதுங்கள். எழுத்தில் வாங்குபவரின் ஒப்புதலையும் பெறுங்கள். கழற்றி வைத்திருக்கும் ஏர்பேக் வெடிபொருள் அடங்கிய பாகம்; அதைச் சாதாரணப் பொதியாக அனுப்பக் கூடாது, காருடன் நேரில்தான் ஒப்படைக்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. சாதாரணக் காப்பீடுகள் பந்தயத் தடத்தில் நடக்கும் விபத்தை ஏற்பதில்லை. சாலையில்கூட, மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்காவிட்டால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். ஆகவே முதல் சந்திப்பில் தாங்களே ஓட்டுங்கள், வந்தவர் பக்கத்தில் அமரட்டும். விலை பேசி முடித்து, முன்பணமும் கைக்கு வந்து, அவருடைய பெயரில் காப்பீடும் இருந்தால் மட்டுமே ஸ்டீயரிங்கைக் கொடுங்கள். தடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்பவர்களிடம், அடுத்த ட்ராக் டேக்கு அவரே கட்டணம் செலுத்தினால் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லுங்கள். உண்மையான ஆர்வம் உள்ளவர் ஒப்புக்கொள்வார்.

நெளிவளைவு எழுதியது:

ஒரிஜினல் எக்ஸாஸ்டை மாட்டிவிடுகிறேன். லீக்-டவுன் சோதனைக்கும் ஏற்பாடு செய்கிறேன். கடைசியாக ஓர் ஐயம்: கார்பன் ஏர்பாக்ஸை அப்படியே விட்டு, ஒரிஜினல் ஏர்பாக்ஸைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், வாங்குபவர் தேவைப்படும்போது மாட்டிக்கொள்ள முடியும் அல்லவா?

வால்வு இடைவெளி எழுதியது:

பெட்டியில் ஏர்பாக்ஸ் மட்டும் இருந்தால் முடியாது. கார்பன் ஏர்பாக்ஸ் போடும்போது காற்றளவு சென்சாரை நீக்கிவிட்டு, த்ராட்டில் திறப்பையும் உட்கொள்குழாயின் அழுத்தத்தையும் கொண்டு எரிபொருளைக் கணக்கிடும் மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கும். ஒரிஜினல் ஏர்பாக்ஸுடன் அந்த சென்சாரும் அதன் பழைய மென்பொருள் கோப்பும் சேர்ந்தால்தான் இன்ஜின் ஒழுங்காக ஓடும். டியூனிங் செய்தவரிடம் இரண்டு கோப்புகளையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். இசியு பூட்டப்பட்டிருந்தால் அதன் உரிமத்தைப் புதிய உரிமையாளருக்கு மாற்றித் தர முடியுமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். கார் கைமாறிய பிறகு கேட்டால், பல டியூனர்கள் புதியவரிடம் முழுக் கட்டணத்தையும் மறுபடி கேட்கிறார்கள். சென்சாரை ஏர்பாக்ஸ் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். அதன் உள்ளிருக்கும் மெல்லிய பகுதியில் தூசி படியாதபடி இரு முனைகளையும் மூடி வைப்பது அவசியம்.